எனக்கு ஆர்வம் இல்லை என்று எழுதியது யார்?

தமிழ்நாட்டில் தொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வங்கி மேலாளர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் மண்டல அதிகாரிகளுக்கும்,

போன வாரம், வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைக்க நான் கொடுத்த கடன் விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த ஊழியர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வங்கி என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: விண்ணப்பதாரருக்கு ஆர்வம் இல்லை.

நான்கு மாதத்தில் அந்தக் கிளைக்குப் பதினோரு முறை போயிருக்கிறேன். போய் வர ஒவ்வொரு முறையும் முப்பத்தாறு கிலோமீட்டர். கம்ப்ரஸர், வெல்டிங் செட், நாசில் டெஸ்டர், புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டிகளுக்கான ஸ்கேனர் என்று ஒவ்வொன்றுக்கும் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்த கொட்டேஷன் பழசாகிவிட்டது என்றார்கள், மறுபடியும் வாங்கிக் கொடுத்தேன். ஆடிட்டரிடம் பணம் கட்டி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதி வாங்கினேன். இடத்துக்கான வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து நகல் கொடுத்தேன். இவ்வளவும் செய்தவனுக்கு ஆர்வம் இல்லையாம். பணம் கிடைக்காததை விட, நான் சொல்லாத ஒன்றை என் பெயரில் எழுதி வைத்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் 2000ஆம் ஆண்டு, 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்தேன். இ.எம்.இ. பிரிவு. வண்டி, பீரங்கி, ரேடியோ என்று ராணுவத்தில் பழுதாகும் எதையும் சரிசெய்து திரும்ப ஓட வைக்கும் பிரிவு அது. செகந்தராபாத்தில் பயிற்சி. அங்கிருந்து பட்டான்கோட், சிக்கிம், லே, மறுபடியும் லே. வெஹிக்கிள் மெக்கானிக்காக 24 ஆண்டு வேலை செய்து, 2024இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது ஆகப் போகிறது. பெண் பிளஸ் டூ, பையன் எட்டாவது.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் இது ஒன்றும் அபூர்வமான கதை இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். சுற்றுப்பட்டு ஊர்கள் பலவும் அப்படித்தான். சிப்பாயாகவே இருந்துவிட்டால் முப்பத்தைந்து, முப்பத்தேழு வயதில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஹவில்தார் ஆனால் நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம். படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடு போட்ட விதி இது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அறுபது வயது வரை பணியில் இருக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஓய்வு பெறும் வயதில் எங்கள் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு ஓய்வூதியம் வருகிறதே தவிர, ஓய்வு எடுக்கிற வயது வருவதில்லை.

வெளியே வந்ததும் எல்லோரையும் போல நானும் முதலில் வேலைதான் தேடினேன். எங்கே போனாலும் ஒரே பதில்: செக்யூரிட்டி. ராணிப்பேட்டை பக்கம் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக ஏழு மாதம் இருந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கேட்டில் நின்று லாரி நம்பரை நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று கேட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டீசல் லைனில் காற்று ஏறியிருந்தது. பத்து நிமிஷத்தில் காற்றை எடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். மேலாளர் கூப்பிட்டு, "உங்க வேலை கேட்டில்தான், இங்கே எல்லாம் கை வைக்காதீங்க" என்றார். அவர் விதிப்படிதான் பேசினார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போதுதான், சொந்தமாக ஒரு பட்டறை போடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் கல்குவாரி டிப்பர்கள் ஓடுகின்றன. டிராக்டர், ஜே.சி.பி. நிறைய. ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று வெடித்தால்கூட வேலூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ ஆள் அனுப்ப வேண்டும். வண்டி இரண்டு நாள் சும்மா நிற்கும், வண்டிக்காரருக்கு இரண்டு நாள் வாடகை போச்சு. மெயின் ரோட்டில் ஷெட், கனரக வண்டிகளுக்கு மட்டும், நின்ற இடத்துக்கே போய் சரிசெய்ய ஒரு பழைய பிக்கப். இதுதான் என் திட்டம். ஐ.டி.ஐ. முடித்த எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேரிடம் பேசி வைத்திருக்கிறேன். மொத்தச் செலவு 18 லட்சம். அதில் 3 லட்சம் நான் போடுகிறேன். உங்களிடம் கேட்டது 15 லட்சம்.

இந்தக் கடனை நான் வெறும் கையோடு வந்து கேட்கவில்லை. 2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்து, 2025 ஆகஸ்டில் தொடங்கி வைத்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தின் கீழ் வந்தேன். முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். படித்தபோது, நம்மையும் ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று மனசு நிறைந்தது. மானியம் அரசின் பணம். கடன் உங்கள் பணம். நீங்கள் கடனுக்குச் சம்மதித்தால்தான் மானியம் அசையும். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த அரசாணை எங்களைப் பொறுத்தவரை வெறும் தாள்தான்.

சரி, கிளையில் என்ன நடந்தது?

மேலாளர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கோப்பைத் திறக்காமலே கேட்டார்: "உங்களுக்குத்தான் மாசாமாசம் பென்ஷன் வருதே சார். இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்? பென்ஷன் லோன் போட்டுத் தர்றேன், ரெண்டு நாள்ல அக்கவுண்ட்ல ஏறிடும்." நான் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "அதெல்லாம் பார்க்கலாம் சார், பென்ஷன் லோனை யோசிச்சுப் பாருங்க" என்றார். பதினோரு முறையும் பேச்சு அங்கேயேதான் வந்து முடிந்தது. கடைசியாகப் போனபோது, "பென்ஷன் லோன் வேண்டாம் சார், தொழில் கடன்தான் வேண்டும்" என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அந்த 'வேண்டாம்' மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது போல. ஆர்வம் இல்லை என்று எழுதியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் நான் வேறு கிளைக்குப் போயிருப்பேன். எனக்குத் தெரிந்த முன்னாள் படைவீரர்களில் நான் விசாரித்த மூன்று பேருக்கும் இதே வார்த்தை கிடைத்திருக்கிறது. ஒருவர் கடற்படையில் சமையல் பிரிவில் இருந்தவர், நெடுஞ்சாலையில் உணவகம் போட நினைத்தார். பென்ஷன் லோன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், அவரும் வாங்கிக்கொண்டார். பாதிச் சமையல் பாத்திரம் வாங்குவதோடு அந்தப் பணம் தீர்ந்துவிட்டது. இன்று அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி. பென்ஷனில் பாதி தவணைக்குப் போகிறது.

பென்ஷன் லோன் ஏன் எனக்கு வேண்டாம் என்பதை நிதானமாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். அது திட்டக் கடன் ஆகாது. அதற்கு மானியம் கிடையாது. 15 லட்சத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலே 30 சதவீதம் என்பது 4,50,000 ரூபாய். உங்கள் வேலை சுலபமாக முடிவதற்காக நான் நாலரை லட்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா? அப்புறம், பென்ஷனின் மடங்கில் கணக்குப் போட்டுத் தருவதால் தொகையும் போதாது. பாதிப் பணத்தில் போட்ட பட்டறை பாதிப் பட்டறையாகத்தான் நிற்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பென்ஷன் என் வீட்டு அரிசி. தொழில் என்றால் ஏறும், இறங்கும். ஒரு வருஷம் குவாரி ஓடாவிட்டால் எனக்கு வேலை குறையும். அப்போதும் என் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் பென்ஷனை ஒதுக்கி வைத்துவிட்டு, தொழில் தன் காலில் நிற்கிறதா என்று கணக்கைப் பாருங்கள் என்கிறேன். தவணை பட்டறை வருமானத்திலிருந்து கட்டும்படியாகத்தான் ஆடிட்டர் எழுதியிருக்கிறார். நீங்களோ தொழிலின் கணக்கைப் பார்க்காமல், நேராக அரிசிப் பானையில் கை வைக்கச் சொல்கிறீர்கள்.

"தொழில் அனுபவம் இருக்கிறதா?" என்றும் கேட்டார். ஓய்வு பெறும்போது ராணுவம் தந்த டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்தேன். அதில் என் டிரேட் என்ன, எந்த வகுப்புத் தேர்ச்சி, எத்தனை ஆண்டு என்று எல்லாம் இருக்கிறது. புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சர்வீஸ் ரெக்கார்டு சார், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இல்லையா?" என்றார். 2020 குளிர்காலத்தில் நான் கிழக்கு லடாக்கில் இருந்தேன். ராத்திரி வெப்பநிலை மைனஸ் இருபதுக்குக் கீழே போகும். சாதாரண டீசல் மெழுகு போல உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். பேட்டரிகளைக் கழற்றி, புகாரி அடுப்பு எரியும் கூடாரத்துக்குள் குழந்தையைப் போலத் தூக்கி வந்து வைப்போம். விடிவதற்குள் ஸ்டாலியன் லாரிகள் ரேஷனோடு மேலே போயாக வேண்டும். வெறும் கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், கையுறை போட்டால் நட்டு பிடிபடாது. இந்த அனுபவத்துக்கு யாரிடம் சர்டிபிகேட் வாங்குவது? கொடுக்க வேண்டிய அரசு ஏற்கனவே கொடுத்துவிட்டது. அதுதான் அந்த டிஸ்சார்ஜ் புக்.

சிபில் ஸ்கோர் இல்லை என்பது அடுத்த குறை. நான் எந்த வங்கியிலும் கடன் வாங்கியதில்லை. வீட்டைக்கூட ஏ.எஃப்.பி.பி. ஃபண்டில், அதாவது படையினரின் சேமநல நிதியில், சேர்ந்த பணத்தை எடுத்துத்தான் கட்டினேன். கடன் வாங்காமல் வாழ்ந்தது ஒரு குறை என்றால், அதைச் சரிசெய்யும் வழியும் உங்கள் கையில்தானே இருக்கிறது? புதிதாகக் கடன் கேட்பவருக்குப் பழைய கடன் வரலாறு எங்கிருந்து வரும்?

பிறகு ஜாமீன். இரண்டு அரசு ஊழியர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது சொத்துப் பத்திரம் வேண்டும் என்றார்கள். இந்த இடத்தில் உங்களுக்கே தெரிந்ததை உங்களிடமே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் உள்ள தொகைக்கு, மத்திய அரசும் சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஏற்படுத்திய கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. நான் படையில் சேர்ந்த அதே ஆண்டு. கட்டணம் கட்டினால் கடனின் பெரும் பகுதிக்கு அது உத்தரவாதம் தரும். அந்தக் கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்று எழுதியும் கொடுத்தேன். "அதெல்லாம் மேலிடத்தில் ஒத்துக்க மாட்டாங்க" என்று வாயால் பதில் வந்தது.

25 லட்சம் வரையான சிறு தொழில் கடனுக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். விண்ணப்பத்துக்கு ஒப்புகை தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எனக்கு ஒப்புகைச் சீட்டு தரவில்லை. 14 நாள் நான்கு மாதம் ஆனது. எழுத்தில் கிடைத்த ஒரே காரணமும் பொய்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கிளையின் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலரும் முன்னாள் படைவீரர்தான். மூன்றாவது முறை போனபோது என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, எந்த யூனிட்?" என்றார். "இ.எம்.இ. அண்ணே" என்றேன். "நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போகும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். அன்று வெளியே வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். கிளையின் மொத்தப் பணத்துக்கும் அவரைக் காவலாக நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த அளவுக்கு நம்புகிறீர்கள். அதே படையிலிருந்து வந்தவன் கணக்கோடு வந்து 15 லட்சம் கேட்டால், கோப்பைத் திறந்து பார்க்கும் அளவுக்காவது நம்பக் கூடாதா? பொதுத்துறை வங்கிகளில் கடைநிலைப் பணியிடங்களில் 24.5 சதவீதமும், எழுத்தர் நிலையில் 14.5 சதவீதமும் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு நன்றியுள்ளவர்கள்தான் நாங்கள். ஆனால் வாசலிலும் கவுன்டரிலும் எங்களுக்கு இருக்கும் இடம், கடன் கேட்கும் நாற்காலியிலும் வேண்டும்.

இப்போதே இதைச் சரிசெய்யச் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. 2022 ஜூனில், நான்கு ஆண்டுக்கு மட்டும் படையில் ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தது. முதல் அணியினர் 2023 தொடக்கத்தில் பயிற்சி மையங்களில் சேர்ந்தார்கள், நம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் உட்பட. நான்கு ஆண்டு முடிந்ததும் அவர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் இருபத்தொன்று முதல் இருபத்தேழு வயதுக்குள், சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாகக் கிடைக்கும் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் கிடையாது. அறிவிப்பு வந்த அதே வாரத்திலேயே மத்திய அரசு அதிகாரிகள் பொதுத்துறை வங்கித் தலைவர்களை அழைத்துப் பேசினார்கள், முத்ரா போன்ற சிறு தொழில் கடன் திட்டங்களில் இவர்களுக்குக் கடன் தரலாம் என்று சொன்னார்கள். என் அக்கா மகனும் அந்த முதல் அணியில் ஒருவன். லீவில் வந்தபோது, "மாமா, வெளிய வந்ததும் உங்ககூடவே பட்டறையில சேர்ந்துக்கிறேன், அப்புறம் நானும் லோன் போட்டு ஒண்ணு ஆரம்பிக்கிறேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்ஷன் வருகிறது, அதனால் தொழில் கடன் எதற்கு என்று என்னைத் திருப்பி அனுப்பினீர்கள். பென்ஷனே இல்லாத அவன் வந்தால் என்ன சொல்லப் போகிறீர்கள்? பென்ஷன் இல்லை, அதனால் கடன் இல்லை என்றா?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. வராக் கடன் என்றால் கிளை மேலாளர் தலைதான் உருளும். அரசுத் திட்டத்தின் பெயரில் கடன் வாங்கி, மானியம் வந்ததும் கடையை மூடியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் என் இடத்தை வந்து பாருங்கள். என் கையைச் சோதித்துப் பாருங்கள், ஓடாத வண்டி ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்துங்கள். குவாரிக்காரர்களிடம் விசாரியுங்கள். திட்டம் தேறாது என்று தோன்றினால் தேறாது என்றே எழுதுங்கள். அதை நான் படிப்பேன், எங்கே தவறு என்று பார்ப்பேன், திருத்திக்கொண்டு மறுபடியும் வருவேன். 'ஆர்வம் இல்லை' என்று எழுதிவிட்டால் திருத்த என்ன இருக்கிறது?

நான் கேட்பது இவைதான்.

முன்னாள் படைவீரரின் தொழில் கடன் விண்ணப்பத்தை அந்தத் தொழிலின் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். அவர் வாயிலிருந்து வராதவரை பென்ஷன் லோன் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள டிரேடையும் ஆண்டுகளையும் தொழில் அனுபவமாக ஏற்க வேண்டும் என்று மண்டல அலுவலகங்கள் கிளைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். கடன் வரலாறு இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ரிசர்வ் வங்கி சொன்ன வரம்பு வரை பிணை கேட்காதீர்கள், அதற்கு மேல் உத்தரவாத அறக்கட்டளையைப் பயன்படுத்துங்கள். பயன்படுத்த முடியாது என்றால் யார் முடியாது என்றார்கள், ஏன் என்று எழுத்தில் கொடுங்கள்.

விண்ணப்பதாரருக்கு ஆர்வம் இல்லை என்று எழுத வேண்டுமானால், அதன் கீழே விண்ணப்பதாரரின் கையெழுத்து இருக்க வேண்டும். காக்கும் கரங்கள் திட்டத்தில் இதுவரை அந்தக் காரணத்தோடு திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள் அத்தனையையும் மண்டல அலுவலகங்கள் எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்து, உண்மையில் ஆர்வம் இல்லையா என்று கேட்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு கிளையிலாவது, முன்னாள் படைவீரர்களின் விண்ணப்பங்களைப் பார்க்க ஓர் அதிகாரியை நியமித்து, அவர் பெயரை நல அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். அக்னிவீரர்கள் வெளியே வருவதற்குள் இதைச் செய்யுங்கள்.

என் கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்லி நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய கொட்டேஷன்களோடு அதே கிளைக்கு வருகிறேன். இது பன்னிரண்டாவது முறை. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு ஒன்று கொடுங்கள். அன்றிலிருந்து 14 வேலை நாட்களை நான் எண்ணத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார், இ.எம்.இ.
வேலூர் மாவட்டம்